நீலத் தாள்

படிவத்தின் மூன்றாம் வரியில் நிற்கிறேன்.
பூட்டுக் கைப்பிடி: வலது / இடது.
மேசையில் அடைக்கப்பனின் கடைவாய்ப்பல்
மெழுகில் பாதி செதுக்கியபடி கிடக்கிறது.
கல்லுக்கட்டியில் கரண்ட் போய் அரைமணி.

பத்தொன்பது மாதம் சீட்டுக் கட்டினேன்.
லைசென்ஸுக்காகச் சிவகங்கைக்கு
ஏழு தடவை பஸ் ஏறினேன்.
ஏழாம் தடவை அந்த கிளார்க் கேட்டார்,
"எதைம்மா சுடப் போறீங்க?"
"காகிதத்தை."
அதையும் எழுதிக்கொண்டார்.

சோலையப்பனுக்கு ஆறரை எம்.எம். மேல்தான் கண்.
"ஆயிரம் மீட்டர் போகும் சீதை,
காத்து ஒண்ணும் பண்ணாது."
ஆயிரம் மீட்டர் இங்கே எங்கே இருக்கிறது?
எங்கள் கிளப்பில் ஐம்பது,
கெஞ்சிக் கேட்டால் நூறு,
அதோடு மண்மேடு, தைலமரம்,
தண்ணீர் வற்றிய கண்மாய்.
பாயிண்ட் டூ டூ என்றதும்
என் ஸ்கூட்டரில் சாய்ந்துகொண்டு சிரித்தான்.
"யானை வாங்குற காசுக்குப் பூனை வாங்குறியே!"

நாலு மணிக்குத் தொண்டிப் பக்கமிருந்து
ஒரு காற்று வரும்.
வருவது தெரியாது.
மேட்டில் கட்டிய நாடா லேசாகப் புரளும்,
நூறு மீட்டரில் என் குண்டு
ஒரு பொட்டு அகலம் தள்ளிப் போயிருக்கும்.
வேகமான குண்டு அந்தக் காற்றைக் கண்டுகொள்ளாது.
இது ஒவ்வொரு மூச்சையும் போட்டுக்கொடுக்கும்,
காற்றின் மூச்சு, என் மூச்சு இரண்டையும்.
எனக்கு அந்தக் கோள்மூட்டி வேண்டும்.

ஆக்‌ஷனுக்குத்தான் ஒரு மாதம் தூக்கம் போனது.
மூன்று காது வைத்த பூட்டு,
அறுபது டிகிரி தூக்கினால் திறந்துவிடும்.
இரண்டு காது என்றால் தொண்ணூறு.
படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி
போனில் சார்ஜ் தீர்ந்ததுதான் மிச்சம்.
பிறகு துப்பாக்கி செய்பவர் ஃபோனில் சொன்னார்:
காதுகளில் நீலம் பூசி, பூட்டி, திறந்து பார்ப்பாராம்,
எங்கே அழிந்திருக்கிறதோ அங்கே தொடுகிறது என்று.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
பன்னிரண்டு வருஷமாக நான் செய்வது அதுதானே.
மேல் அச்சு, கீழ் அச்சு, நடுவில் நீலத் தாள்,
ஒரு கடி.
ஒரு புள்ளி மட்டும் அதிகம் பட்டால்
அந்தப் பல் மொத்த வாயின் பாரத்தையும் சுமக்கும்,
ஒருநாள் பிளக்கும்.
இரண்டு காதும் ஒரே நேரத்தில் உட்காரும் பூட்டு போதும்,
மூன்றாவதைப் பிறகு யார் சமாதானம் செய்வது?
இரண்டு என்று குறித்துவிட்டேன்.

இப்போது இந்த மூன்றாம் வரி.

நான் செதுக்குவது இடது கையால்.
குறி பார்ப்பது இடது கண்ணால்.
சுடுவது மட்டும் வலது தோளில்.
யாரும் அடித்து மாற்றவில்லை,
கிளப்பில் இருந்த ஒரே ரைஃபிளின் கைப்பிடி
வலப்பக்கம் இருந்தது, அவ்வளவுதான்.
கண்ணாடியின் இடது சில்லில் செல்லோடேப் ஒட்டி
எட்டு வருஷம், இரண்டு மாநில மெடல்.
அந்த டேப்பின் பசையைச்
சாயங்காலம் நகத்தால் சுரண்டிக்கொண்டே
வீட்டுக்கு வருவேன்.

இடது என்றால் நாற்பத்திரண்டாயிரம் கூட.
ஐந்து மாதம் தாமதம்.
எட்டு வருஷப் பழக்கத்தையும் உரிக்க வேண்டும்,
மெடல் வருமா தெரியாது.
சோலையப்பன் இதற்கும் ஏதாவது மிருகம் சொல்வான்.

பேனா ஏற்கெனவே இடது கையில்தான் இருந்தது.
டிக் போட்டேன்.
கரண்ட் வந்து மின்விசிறி சுற்ற,
படிவம் பறந்து மெழுகுப் பல் மேல் விழுந்தது.

ஃபோன் அடித்தது. அடைக்கப்பன்.
"பல்லு என்னாச்சும்மா?"
"வியாழக்கிழமை."
அதுவரை அவர் ஒரு பக்கமாக மெல்லுவார்.
நான் ஐந்து மாதம்
டேப் ஒட்டிக்கொண்டு சுடுவேன்.