சத்தம் போடாத எழுத்து

கண்ணீர் அஞ்சலி போஸ்டர்.
"சத்தம் போடாத எழுத்தாப் பாருங்க"
என்றாள் தேசம்மாள்.
மைத்துனன் கேட்டது வேறு:
எதிர்ச் சாரியிலிருந்தே அடிக்கிற மாதிரி தடியாய்,
சுற்றிலும் மஞ்சள் கோடு போட்டு.

தண்டையார்பேட்டையில் மழை. கரண்ட் போய்ப் போய் வருகிறது.
என் கணினியில் இருநூற்றுப் பன்னிரண்டு எழுத்துரு:
வட்டச் செயலாளர் போல் மார்பு விரித்தவை,
பிரியாணிக் கடைக்கென்றே பிறந்தவை,
ஜரிகையாய் இழுபடுபவை.
ஒவ்வொன்றிலும் துரைக்கண்ணு என்று அடித்தேன்.
ஒவ்வொரு முறையும்
வேறு யாரோ இறந்தார்.

துறைமுகத்தில் கன்டெய்னர் எண்ணியவராம்.
வீட்டில் எண்ணினால் உதடு மட்டும் அசையுமாம்.

பதினொரு மணிக்கு மெலிசாய் ஒன்று அகப்பட்டது,
எலும்பு தெரிகிற எழுத்து.
அதில் 'ணு' இல்லை.
யாரோ இலவசமாய் வரைந்து
பாதியில் தூங்கிப்போயிருக்கிறார்.
கல்யாணப் பத்திரிகை எழுத்திலிருந்து
ஒரு ணுவைக் கடன் வாங்கி
இளைக்கவைத்து ஒட்டினேன்.

"இங்க் தீந்துபூடுச்சா?" என்றான் மைத்துனன்.

அவள் திரைக்கு அருகில் குனிந்தாள்.
பெயரின் கடைசியில், அந்த வாலில்,
ஈர விரலை வைத்தாள்.
"இது இருக்கட்டும்.
பெருசு பண்ணிடாதீங்க."