தப்பான பாசி

கடலுக்குள் ஓடுவதற்கு நீவாடு என்று பேர்.
எனக்குள் பன்னிரண்டு நாளாய் ஓடுவதற்கு
வள்ளியூர் லேப் சீட்டில் எண்தான் இருந்தது:
ஏழு புள்ளி இரண்டு.
மடித்து அரிசி டின்னுக்குள் போட்டேன்.

"கஞ்சிப்பாசி காய்ச்சிக் குடி மெற்றில்டா,
கர்ப்பப்பை குளுந்துரும்"
குழாயடியில் வியாகுலம் சொன்னதை
ரோச் கேட்டிருக்க வேண்டும்.
காட்டிக்கொள்ளவில்லை.
பொம்பளைச் சமாச்சாரம் என்றால்
வலையைத் தேடி எழுந்துபோகிற ஆள்.

மறுநாள் வள்ளத்துக்குப் போகவில்லை.
கூத்தங்குழிக் கரையில், தூண்டில் வளைவுக் கல்லிடுக்கில்
முட்டளவுத் தண்ணியில் குனிந்து நின்றாராம்.
"மீன் கெடைக்கலியாவே, பாசிக்கு வந்துட்டீரு?"
எவனோ கேட்டதற்கு
கோழிக்கு என்றாராம்.
எங்களிடம் கோழி கிடையாது.

சாரம் நிறையக் கொண்டுவந்து
அஸ்பெஸ்டாஸ் கூரையில் வீசினார்.
காலில் சிப்பி கிழித்த ரத்தம்.
கூரையைப் பார்த்தே சொன்னார்:
"காயட்டும்."

முத்து முத்தாய்க் காற்றடைத்த
பழுப்புக் கோரை.
வியாகுலம் பார்த்து
முந்தானையால் வாயைப் பொத்தினாள்.
"இது தென்னந்தூருக்குப் போடுறதுல்லா,
குடிச்சா நீ கொலை தள்ளணும்."
சிரித்த சிரிப்பில்
அடிவயிறு இன்னும் கொஞ்சம் இழுத்தது.

அவளே ஒரு பிடி கொண்டுவந்தாள்,
பனியிலும் வெயிலிலும் போட்டு வெளுத்தது.
தேங்காய்ப்பால், உடன்குடிக் கருப்பட்டி.
கடல் வாசத்தை
ஏலக்காய் பாதிதான் மறைத்தது.

"குடிச்சியா?" ராத்திரி, சுவரைப் பார்த்து.
"குடிச்சேன்."
"எப்படி இருந்துது?"
"நல்லாத்தான் இருந்துது."
கூரையில் அவர் பாசி
காற்றுக்குச் சடசடத்தது.

கஞ்சி உடம்பைக் குளிரவைத்தது, உண்மை.
போக்கை நிறுத்தவில்லை.
பதினாறாம் நாள் அரிசி டின்னைத் திறந்து
சீட்டை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.
எண்ணை விரலால் தடவினார்,
ஆழம் பார்க்கிறவர் போல.

பாளையங்கோட்டை ஐகிரவுண்டில்
அடிவயிற்றின்மேல் ஏதோ பசை ஊற்றினாள் அந்தப் பெண்,
சில்லென்று, வழுவழுவென்று.
சிரித்துவிட்டேன்.
"அசையாதீங்க" என்றாள்.
பெட்டியில் கறுப்பும் சாம்பலுமாய்க் கலங்கின தண்ணி.
அதில் கல் மாதிரி ஒன்று,
ஒட்டிக்கொண்டு.

மறைப்புச் சீலைக்கு அடியில்
அவருடைய செருப்பு தெரிந்தது.
வலது கால்
இடது காலை மிதித்துக்கொண்டு நின்றது.