காம்போடு எடுத்தாயிற்று

"காம்போடு எடுத்தாயிற்று" என்றார் டாக்டர் ஹோ,
கத்தரிக்காய் நறுக்கியதைச் சொல்வதுபோல.
பிறகு, கையுறையைக் கழற்றிக்கொண்டே:
"பத்துப் பேரில் ஒருவருக்குத் திரும்ப வரலாம்."

மற்ற ஒன்பது பேரைப் பற்றி நான் கேட்கவில்லை.
அந்த ஒருத்தியைத்தான் உடனே தெரிந்தது.
ஈசூன் மருத்துவமனைக் கழிப்பறைக் கண்ணாடியில்
ஒற்றைக் கையால் முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

முதல் தடவை ஊசியால் உறிஞ்சினார்கள்.
கண்ணாடிபோல் தெளிந்த கூழ்.
ஐஸ் கச்சாங்கின் அடியில் கிடக்குமே
அத்தாப் சீ, அதேதான்.
அன்றிலிருந்து அதை நான் தின்பதில்லை.
நான்கே மாதம்.
சீனப் புத்தாண்டு முடிந்த வாரம்,
வண்டியை ஒடித்துத் திருப்பும்போது
மணிக்கட்டில் மறுபடி ஒரு பட்டாணி,
வாடகை பாக்கி வைத்துப் போனவன்
பழைய சாவியோடு வந்து நின்ற மாதிரி.

எதிர்வீட்டு சியூ லான் அக்கா சொன்னாள்:
கனமான புத்தகத்தால் ஓங்கி அடி, உடைந்துவிடும்.
என் அப்பா டெலிபோன் புத்தகத்தால் அடித்தார்.
"சரியாச்சா?"
"அப்பாவா? அவர் வேறெதனாலோ செத்தார்."

இப்போது தையல் பிரித்து ஆறு வாரம்.
கறிவேப்பிலை நீளத்துக்கு ஒரு கோடு.
பக்கத்தில் ஐம்பது காசு அளவுக்கு மரத்த இடம்,
தொட்டால் வேறு யாருடைய கையையோ தொட்டதுபோல.
கைப்பயிற்சி தரும் நூராய்னி
பச்சை நிற மாவு உருண்டை ஒன்று கொடுத்தாள்.
பிசை, விடு. பிசை, விடு.
சப்பாத்திக்கும் உதவாத மாவு.

வண்டி ஓட்ட இன்னும் அனுமதி இல்லை.
இன்டர்சேஞ்சில், தொலைந்த பொருள் முகப்பில்
உட்கார வைத்திருக்கிறார்கள்.
நாற்பத்தொரு குடை. ஒற்றைக் காலணி.
டிஷ்யூவில் சுற்றிய பல்செட்டு ஒன்று
(எப்படி மறந்து போனார், இறங்கி எதைச் சாப்பிட்டார்?)
யாரும் தேடி வருவதில்லை.
வருவார்கள் என்று காத்திருக்கும் சாமான்களுக்கு நடுவே
நான் ஒருத்தி
வராதே, வராதே என்று
மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருக்கிறேன்.

பதினெட்டு வருடம் ஓட்டியது சுற்றுப் பேருந்து.
கிளம்பிய இடத்துக்கே வந்து சேரச் சம்பளம் வாங்கினவள்.
அதை யார் போய் இந்தக் கட்டிக்குச் சொன்னார்கள்?

ராத்திரிதான் மோசம்.
இடது கட்டைவிரல் காவல் சுற்றக் கிளம்பும்.
மேடு தட்டுப்படும். நெஞ்சு ஒரு நிறுத்தம் தாண்டிப் போய் நிற்கும்.
மற்ற கையில் அதே இடத்தைத் தொடுவேன்.
அங்கேயும் மேடு.
எலும்பு. கூடப் பிறந்த எலும்பு.
ஐம்பத்து மூன்று வயதில் இப்போதுதான் அறிமுகம்.

முன்பொரு நாள் பாலிகிளினிக்கில்
அறை விளக்கை அணைத்துவிட்டு
கட்டியின் ஓரத்தில் சின்ன டார்ச்சை வைத்தார் ஒரு இளம் டாக்டர்.
உள்ளே முழுக்க ஒளி,
உரித்த ரம்புத்தானை வெயிலில் பிடித்ததுபோல.
"வெறும் நீர்தான். பயமில்லை."
அந்த ஒரு கணம் அது அழகாக இருந்தது.
இதை யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது போர்வைக்குள் கைபேசி டார்ச்.
தழும்போரம் அழுத்தி வைக்கிறேன்.
கதவிடுக்கில் வெளிச்சம் பார்த்து நித்திலா கேட்கிறாள்:
"அம்மா, இந்நேரத்துல யாரு?"
"யாருமில்லை" என்கிறேன்.
அது உண்மையாக இருக்கட்டும்.

விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு
ஒளிராதே என்று வேண்டுகிறவள்
இந்த புளோக்கில் வேறு யார்?
தோல் இருட்டு.
நகர்த்துகிறேன், இருட்டு.
கோட்டின் முனையில் கொஞ்சம்போல...
இல்லை, விரலிடுக்கு வழியாக வந்தது.

ஐந்தே முக்காலுக்குக் கீழே என் வண்டி.
ஓட்டுகிறவன் யாரோ புதுசு.
கார்நிறுத்த வளைவை எவ்வளவு அகலமாக எடுக்கிறான், பாவி,
இன்னும் ஒடி, இன்னும்,
என்று போர்வைக்குள் என் கை திரும்புகிறது.

வலித்ததா என்று
பார்க்க மறந்துவிட்டேன்.