ஏறின கியர்

தொப்பூர் இறக்கத்தில்
நியூட்ரலில் விடுகிறவர்களை எனக்குத் தெரியும்.
டீசல் மிச்சம் என்பார்கள்.
கிரேன் வாடகை அதைவிட அதிகம்.

தருமபுரி டாக்டரிடம் கேட்டேன்:
நல்லாத்தானே இருக்கேன், நிறுத்திடட்டா?
லாரி எத்தனை வருஷமா ஓட்டறீங்க என்றார்.
இருபத்திரண்டு.
அப்ப நான் சொல்லணுமா?

ஏறின கியரிலேயே இறங்கணும்.
சரி.
ஐம்பதில் பாதி. ராத்திரி லோடு கிடையாது.

முனிரத்னா எவர்சில்வர் தட்டில் வைத்து
பாதி பிளேடால் வெட்டுகிறாள்.
இரண்டு பாதி ஒருநாளும் சமமாக வராது.
பெரியது திங்கட்கிழமைக்கு என்று எடுத்து வைக்கிறாள்.
தட்டில் ஒட்டிய வெள்ளைத் தூளை
கழுவ விடாமல் கொஞ்ச நேரம் பார்க்கிறேன்.

மூன்றாம் வாரம்
தலையைத் திருப்பினால் உள்ளே ஒரு வெட்டு,
வோல்டேஜ் குறைந்த டியூப்லைட் மாதிரி.
கனவெல்லாம் சத்தம்.
டோல்கேட்டில் ஸ்கேன் ஆகாததற்கு
அந்தப் பையனிடம் கத்திவிட்டேன்.

காவேரிப்பட்டணம் தாண்டி
வண்டியை ஓரம் கட்டி அழுதேன்.
ஒன்றும் நடக்கவில்லை.
மாங்கூழ் ஃபேக்டரி வாசனை அடித்தது,
அவ்வளவுதான்.
மூன்று சீசன் இதே ரோட்டில் போனேன்,
ஒருமுறைகூட என்னிடம் வந்ததில்லை அது.

இன்னும் ரெண்டு வாரம் இதிலேயே நில்லுங்க
என்கிறார் டாக்டர்.
நிற்கிறேன்.
நாலு மாதமா இன்னும் பாதி மாத்திரையா என்கிறான்
மச்சான் குப்புசாமி.
பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பான்.
அடிக்கட்டும்.

அடுத்தது கால்.
இந்த பிளேடு சரிப்படாது,
புதுசு வாங்கிட்டு வாங்க என்கிறாள் முனிரத்னா,
கூடவே அரைக் கிலோ தக்காளியும்.