வரி நாலாயிரத்துப் பன்னிரண்டு

சி கம்பைலர் உண்டா என்று பார்க்கிறேன்... உண்டு.
அது வேலை செய்யுமா என்று பார்க்கிறேன்... செய்யும்.
மணி இரண்டேகால். அக்கரைப்பற்று மெயின் ரோட்டில்
ஒரு லொறி, ஒரு நாய், மறுகா ஒன்றுமில்லை.
எக்ஸ் இருநூற்று அறுபத்து நாலு உண்டா என்று பார்க்கிறேன்...

இல்லை.

இருக்கு மச்சான், இருக்கு.
மூன்று தரம் போட்டவன் நான்தான்.
ஒருதரம் பெக்கேஜாக, ஒருதரம் கையால் கட்டி,
மூன்றாந்தரம் பிஸ்மி சொல்லி.
பாதையைச் சுட்டிக் காட்டினேன்,
கோப்பை அதன் மூக்குக்கு முன்னால் பிடித்தேன்.
இல்லை என்கிறது. வேண்டுமென்றால்
அது இல்லாமலே கட்டிக்கொள் என்கிறது,
உப்பில்லாமல் கருவாடு போடச் சொல்வதுபோல.

இவ்வளவும் தம்பிலுவில் செல்வரூபியக்காவின் ஒரு ஃபைலுக்கு.
பழைய கமரா, பன்னிரண்டு நிமிஷம்,
எந்தப் பிளேயரும் திறக்க மறுக்கிற வகை.
செவ்வாய்க்குச் செவ்வாய் பொத்துவில் பஸ்ஸில் வந்திறங்கி
கவுண்டரில் குடையைச் சாத்திவிட்டுக் கேட்பார்:
"வருமா வராதா தம்பி? ஒண்டச் சொல்லுங்க."

கடைசியில் பதிவுக் கோப்பைத் திறந்தேன்,
ஒருவரும் திறக்காத அந்த நீளத்தை.
ஒவ்வொரு கேள்விக்கும் அது
ஒரு குட்டி நிரலை எழுதிப் பார்க்கிறது.
தொடக்கம் ஒன்று, முடிவு ஒன்று, நடுவில் வேலையே இல்லை.
அது பிழையில்லாமல் பிறந்துவிட்டால்
உண்டு என்று அறிவித்து, அதை அழித்துவிடுகிறது.
அரைச் செக்கன் ஆயுசு.

வரி நாலாயிரத்துப் பன்னிரண்டில்
குட்டி பிறக்கவே இல்லை.
முந்தியவை வெறுங்கையோடு வந்தவை.
இது லைப்ரரியைச் சுமந்து வந்தது,
இறக்கி வைக்க டிஸ்கில் இடமில்லை.

அவ்வளவுதான்.
எட்டு வலீமா, மூன்று சாமத்தியச் சடங்கு,
ஒரு கிரிக்கெட் ஃபைனல்,
மிச்சக் காசு கட்டி எடுக்க வராதவர்கள் எல்லாரும்
கழுத்துவரை உள்ளே இருக்கிறார்கள்.
தனக்கு எழுத இடமில்லை என்பதைத்தான்
உன்னிடம் பொருளில்லை என்று
மூன்று இரவு சொல்லியிருக்கிறது.

சிரிப்பு வந்தது.
மறுகா வரவில்லை.

போன செவ்வாய் அஸ்கான் லீவு.
பெருநாள் கிழமை, கடை நிறைய ஆட்கள்.
நான் தலை நிமிராமலே சொன்னேன்:
"அது பழுதக்கா, வராது."
குடையை எடுத்துக்கொண்டு போனார்.
நல்ல வெயில். விரிக்கவில்லை.

கிரிக்கெட்டை அழித்தேன்.
உண்டு. உண்டு. உண்டு.
இப்போது கட்டுகிறது, ஃபேன் இரைகிறது,
எச்சரிக்கைகள் ஓடுகின்றன, நான் வாசிக்கவில்லை.
சுபஹுக்குப் பாங்கு சொன்னார்கள்.
பன்னிரண்டு நிமிஷத்தில் முதல் ஃபிரேம்:
யாரோ ஒரு பெடியன், சைக்கிள், ஈர முற்றம்.
அதற்குமேல் பார்க்க எனக்கு உரிமையில்லை,
நிறுத்திவிட்டேன்.

ஏழு மணிக்குக் கோல் எடுத்தேன்.
நீங்கள் அழைத்த இலக்கத்திற்குத்
தற்சமயம் தொடர்பு ஏற்படுத்த முடியாதுள்ளது.
மூன்று மொழியிலும் சொல்கிறது.
ஏன் என்று ஒன்றிலும் இல்லை.

இண்டைக்குத் திங்கள்.