தாங்குகோடு

மரப்பாலத்துக்கு மேலே
சாலை தயங்கித் திரும்பும் இடத்தில்
இரண்டு கோடு சிக்னல் கிடைக்கும்.
வண்டியை அங்கேதான் நிறுத்துவேன்.
கார்த்திகை மழை, நெடுஞ்சாலைத் துறையில் இரவு வேலை.
மண் எப்போது இறங்கும் என்று
மண்ணுக்கே தெரியாது.
பக்கெட்டைத் தரையில் ஊன்றிவிட்டு
ஜேசிபி கூண்டுக்குள் போனைத் திறக்கிறேன்.

பச்சை, சிவப்பு, சிவப்பு, பச்சை.
நாலு மணி நேரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி.
எரிவதில்லை, உருகுவதில்லை.
தலையில் ஒரு திரி, காலிலும் ஒரு திரி,
நடுவில் உடம்பு.

சீட்டு எடுத்த பணம், நாற்பத்திரண்டாயிரம்.
கூரைக்குத் தகரம் வாங்க என்று எடுத்தது.
எங்கே போட்டேன் என்று லீலாவிடம் சொல்லவில்லை.
சொன்னால், அது எங்கே இருக்கிறது என்பாள்.
அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நாலு பள்ளங்களைத் தொட்டு
விரலால் ஒரு கோடு இழுத்தேன்.
இதற்குக் கீழே போகாதாம்.
சப்போர்ட் என்று வீடியோவில் சொல்கிற பையன்
இந்த மலையில் மண் அள்ளியதில்லை.

தாங்குசுவர் விழுவதை நான் பார்த்திருக்கிறேன்.
கல் பலவீனமாகி விழுவதில்லை.
பின்னால் தண்ணீர் சேரும்.
வடிவதற்கு விட்ட ஓட்டைகளை
வேர் அடைத்திருக்கும், சிப்ஸ் பாக்கெட் அடைத்திருக்கும்.
வெளியே பாசி, பெரணி, பாதி அழிந்த கட்சிச் சின்னம்.
முந்தின நாள் சாயங்காலம் வரை
குரங்குகள் அதன்மேல் உட்கார்ந்து பேன் பார்க்கும்.
பொறியாளர் மேடம் சுவரில் உள்ளங்கையை வைத்து
கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார்.
என் கோட்டில் கையை வைத்தால்
கோடு நகர்ந்துவிடுகிறது.

இரண்டே முக்காலுக்கு உடைத்துக்கொண்டு இறங்கியது.
நீளச் சிவப்பு. இன்னும் நீளம்.
விற்கும் பொத்தானுக்கு மேலே
கட்டைவிரல் நின்றுகொண்டிருந்தபோது
விலையை மறைத்துக்கொண்டு
பெள்ளியின் பெயர் வந்தது.
"அண்ணே, காட்டேரி திருப்பம். ரோடே இல்ல.
கேரட் லாரி மாட்டியிருக்கு, ஆளு உள்ள."

அங்கே சிக்னல் கிடையாது.

மூன்று மணி நேரம் அள்ளினேன்.
தேயிலைச் செடி வேரோடு வந்தது.
யார் வீட்டுத் தகரமோ மடங்கி வந்தது.
கேரட் வந்தது, கழுவி மூட்டை கட்டிய கேரட்,
விளக்கு வெளிச்சத்தில் விரல் விரலாக.
ஒவ்வொரு தடவையும் பக்கெட்டை நிறுத்தி
கேரட்தானா என்று பார்த்தேன்.
ஓட்டுநர் அங்குராசு முட்டி உடைந்து, உயிரோடு.
கிளீனர் பையன் எங்கே என்று அவர் கேட்டபோது
பெள்ளி டார்ச்சை அணைத்தான்.

வெளுத்த பிறகு என் திருப்பத்துக்கு வந்தேன்.
இரண்டு கோடு.
விலை கோட்டுக்கு மேலே நின்றிருந்தது,
தூங்கி எழுந்து முகம் கழுவியது போல.
அந்த மூன்று மணி நேரம்
ஒரு மெழுகுவர்த்தியின் காலில்
மயிரளவு திரியாகத் தொங்கியது.

ஒரு நாள் என்று மாற்றினால்
அந்தத் திரி குட்டையாகிறது.
ஒரு வாரம் என்றால் தேட வேண்டும்.
ஒரு மாதம்:
இந்த மழை முழுக்க நகத்தளவு பச்சை,
லாபம் ஆயிரத்து அறுநூறு.

நகத்துக்கடியில் செம்மண்.
ஒரு நிமிடம் என்று திருப்பி வைத்து
பின்னுக்கு, பின்னுக்குத் தள்ளினேன்,
இரண்டே முக்கால் வரும்வரை.