தேய்மானம்

வெலிங்டன் கன்டோன்மென்ட் அலுவலகத்தில்
இருபத்தாறு வருஷம் தேய்மானம் எழுதினேன்.
மேசைக்குப் பத்து சதவீதம், ஜீப்புக்குப் பதினைந்து.
கத்திக்கென்று தனிப் பத்தி கிடையாது,
'சமையற்கூடச் சில்லறை'யில் அடங்கிவிடும்.

அந்தச் சில்லறையைத்தான் இப்போது சேர்க்கிறேன்.
முப்பத்தொன்று.
போர்வாள் உண்டா என்று கேட்டு வருகிறவர்களை
வாசலோடு அனுப்பிவிடுவேன்.
என்னிடம் இருப்பவை
கொலை முடிந்தபின் வருகிற கத்திகள்.
தோலுரிக்க, எலும்பிலிருந்து சதை பிரிக்க,
நானூறு பேர் ரொட்டியை ஒரே காலையில் அறுக்க.
நானோ முட்டைகூடத் தொடாதவன்.
சௌந்தரவல்லி சொல்வாள்:
"கத்தரிக்காய் நறுக்க அரிவாள்மனையைத் தேடுற வீட்டுல
முப்பத்தொரு கத்தி.
ஒண்ணும் என் அடுக்களை வாசப்படியைத் தாண்டக்கூடாது."

பிடியை ஒட்டி, கட்டைவிரல் படுகிற இடத்தில்
கோழி மிதித்த தடம்போல் ஓர் அம்பு.
சர்க்கார் சொத்து.
கீழே வருஷம்: 1941, 1943,
ஒன்றில் வெறும் 19,
மிச்சத்தைச் சாணைக்கல் தின்றுவிட்டது.
இரண்டு அம்புகள் மூக்கோடு மூக்கு முட்டி நின்றால்
விற்றாயிற்று, இனி எவனுடையதோ என்று பொருள்.
ஓய்வு பெற்ற அன்று எனக்கும் ஒரு காகிதம் தந்தார்கள்.
முத்திரை சரியாக விழவில்லை.

ஆனியில் ஜன்னல் வழியே மூடுபனி வந்து
எஃகின்மேல் உட்காரும். விடிந்தால் செம்புள்ளிகள்.
ஞாயிறுதோறும் தைலம் தொட்டுத் துடைப்பேன்.
வீடு முழுக்கச்
சளி பிடித்த குழந்தையின் மார்பு வாசனை.

அருவங்காட்டுப் பழைய இரும்புக்கடை லிங்கம்மாள்
முதலில் கிலோ கணக்கில்தான் கொடுத்தாள்.
பிறகு என் கண் எங்கே நிற்கிறதென்று பார்த்து
விலை சொல்லக் கற்றுக்கொண்டாள்.
இப்போது குன்னூர் இறங்கும்போது
வேண்டுமென்றே தகரத்தைப் பார்க்கிறேன்.

அவள்தான் சொன்னாள், மார்க்கெட்டில்
கபூர்தீன் கையில் ஒன்று இருக்கிறதென்று.
கறிக்கடை வரிசைக்குள்
கைக்குட்டையும் மூக்குமாக நுழைந்தேன்.
1942.
நெத்திலி மாதிரி மெலிந்து, ஒரு விரல் அகலம்,
ஆனாலும் ஆட்டுத் தொடைக்குள்
தண்ணீரில் போவதுபோல் போனது.
"காசு வேணாம்" என்றார்.
"இதே எஃகுல ஒண்ணு குடுத்துட்டு எடுத்துக்குங்க.
இப்ப வர்றது எலும்புல பட்டா மடங்குது."

மூன்று இரவு யோசித்தேன்.
என்னிடம் ஏழாம் நம்பர் இருந்தது:
1944, கிரீஸ் தாளில் சுற்றியபடியே கிடைத்தது,
ஒரு வெங்காயத்தைக்கூடப் பார்த்ததில்லை,
அகலம் குறையாத கன்னி.
அதைப் பார்க்கத்தான் கோவையிலிருந்து ஆள் வருவான்.
நாலாம் நாள் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
கட்டைவிரலால் கூர் பார்த்தார்,
நான் அங்கே இருப்பதையே மறந்துவிட்டார்.

சுவர்ப் பலகையில் ஒவ்வொரு கத்தியைச் சுற்றியும்
பென்சில் கோடு போட்டிருக்கிறேன்.
ஏழாம் கோட்டுக்குள் மெலிந்ததை மாட்டினேன்.
கோட்டுக்கும் கூருக்கும் நடுவே
இரண்டு விரல் வெற்றுப் பலகை.
அந்த இரும்பு எங்கே போயிருக்கும்?
கொஞ்சம் கல்லில். கொஞ்சம் குழம்பில்.
பர்மாவுக்குப் போனவன் ரத்தத்தில் ஒரு தூசி,
பிறகு எழுபது வருஷக் கல்யாணப் பிரியாணியில்
யார் யார் வயிற்றிலோ.
சதவீதம் போட்டுப் பார்த்தேன். வரவில்லை.
முப்பத்தொன்றிலும் இது ஒன்றுக்குத்தான்
நான் தைலம் போடுவதில்லை.
துரு ஏனோ வருவதுமில்லை.

வெள்ளிக்கிழமைகளில் பஸ்ஸுக்கு நேரம் இருந்தால்
கறிக்கடை வரிசை முனைவரை போகிறேன்.
கைக்குட்டை இன்னும் தேவைப்படுகிறது.
"பாய், ஏழாம் நம்பர் எப்படி?"
"நல்லாப் போகுது. தள்ளி நில்லுங்க சார்,
வேட்டியில தெறிக்கும்."